இடிக்க மட்டும் பதினோரு நாள்

பதினாறு வீட்டிலும் அவரை ஓவர்சியர் என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வருஷம் அரசாங்கக் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை போன பிறகும் பேர் ஒட்டிக்கொண்டது. யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும், சுவர் ஓதம் அடித்தாலும் அவருக்குத்தான் ஆள் வரும். சட்டையை மாட்டிக்கொண்டு போய், சுவரை இரண்டு விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "உள்ளே பூச்சு விட்டுப்போச்சு" என்று டாக்டர் மாதிரி சொல்லிவிட்டு வருவார். காபி கொடுத்தால் குடிப்பார். வேறெதுவும் வாங்க மாட்டார்.

நாலு மாடிக் கட்டடம், மாடிக்கு நாலு வீடு. கட்டி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒருநாள் காலை, மூன்றாம் மாடியில் லாரிக்காரர் வீட்டில், கூரையிலிருந்து ஒரு கைப்பெட்டி அளவுக்குக் காங்கிரீட் பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. அவருடைய ஆறு வயது மகள் அப்போதுதான் பல் தேய்க்க எழுந்து போயிருந்தாள். தலையணை இருந்த இடத்தில் கல் கிடந்தது.

ஓவர்சியர் சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லாக் கூரையிலும் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, காங்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது. "இது பூச்சு வேலையில தீராது. இடிச்சுட்டுத்தான் கட்டணும்" என்றார். சங்கம் கூடியது. அவரையே செயலாளராகப் போட்டார்கள்.

இடித்துக் கட்டித்தர அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்திய ஒரு கம்பெனி முன்வந்தது. பழையவர்களுக்குப் பதினாறு வீடு, மேலே கூடுதலாக ஏற்றும் மாடிகள் கம்பெனிக்கு. கட்டி முடிக்கும்வரை ஊர் எல்லையில் தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் எல்லாரையும் குடிவைப்பார்கள். ஓவர்சியர் சும்மா நம்பிவிடவில்லை. அந்தக் கம்பெனி கட்டிய மூன்று கட்டடங்களுக்குப் போய், குளியலறையில் தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்த்தார். மாடிப்படியின் உயரத்தை டேப் வைத்து அளந்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பதினைந்து வீடு ஒரே வாரத்தில் கையெழுத்துப் போட்டது. பதினாறாவது, கீழ்த்தளத்தில் இருந்த தையல்காரம்மா.

அவளுடைய கடை என்பது அவள் வீட்டு ஜன்னல்தான். ஜன்னலோரம் மூன்று தையல் மெஷின். தெருவில் போகிறவர்கள் வெளியே நின்றபடியே துணியைக் கொடுத்து வாங்கிப் போவார்கள். அவள் புருஷன் ஸ்கூல் வேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவர் கட்டிலும் அதே ஜன்னல் பக்கம்தான். தெரிந்தவர் யாராவது போனால் நல்ல கையைத் தூக்குவார். பேச்சு சரியாக வராது. ஆனால் தெருவில் யார் எந்த நேரத்துக்குப் போகிறார்கள் என்பது அவருக்குத்தான் அத்துப்படி.

"அண்ணா, நீங்க சொல்றதெல்லாம் சரிதான்" என்றாள் அவள், மெஷினை நிறுத்தாமல். "ஆனா ஊருக்கு வெளியில போய் உட்கார்ந்தா என்கிட்ட யாரு துணி கொண்டு வருவாங்க?"

"ரெண்டே வருஷம்தாம்மா. பொறுத்துக்கிட்டா, இதே இடத்துல இதைவிடப் பெரிய ஜன்னல் வெச்சுத் தர்றேன்."

"ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷமா, இல்ல இழுப்பாங்களா?"

அவர் அவளுடைய கட்டிங் மேஜையில் கிடந்த பழைய பேப்பரை இழுத்து, அவள் துணியில் குறி போடும் சாக்கட்டியாலேயே எழுதிக் காட்டினார். இடிக்க ஒரு மாதம். அஸ்திவாரம் ஐந்து மாதம். மாடிக்கு ஒன்றரை மாதம். பூச்சு, தரை, கதவு, மின்சாரம். கூட்டினால் இருபத்து மூன்று வந்தது. "ஒரு மாசம் சேர்த்தே வெச்சிருக்கேன், மழைக்கு" என்றார்.

அவள் மெஷினை நிறுத்தினாள். கட்டிலைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நீங்க பொறுப்பா?"

"நான் பொறுப்பு."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

இரண்டு மாதத்தில் எல்லாரும் தகர வீடுகளுக்குப் போனார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு அறை, பின்னால் சமையல் செய்ய ஒரு மறைப்பு. இரண்டு வரிசையாக எட்டு எட்டு வீடு, நடுவில் ஒரு ஆள் கையை விரித்தால் தட்டும் அளவுக்குச் சந்து. ஓவர்சியரின் மனைவி பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் கட்டி, கட்டிலடியில் தள்ளினாள். "ரெண்டு வருஷத்துக்கு எதுக்குப் பிரிச்சுக்கிட்டு" என்றாள்.

பழைய கட்டடத்தை இடிக்க ஒரு மாதம் என்று அவர் எழுதியிருந்தார். பதினோரு நாளில் தரைமட்டமாக்கிவிட்டார்கள். எல்லாரும் பஸ் பிடித்துப் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார்கள். லாரிக்காரர் அவர் முதுகில் தட்டி, "சார், இந்த வேகத்துல போனா அடுத்த வருஷமே பால் காய்ச்சிடலாம் போல" என்றார். ஓவர்சியருக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வேலையில் நேரத்துக்கு நடந்த காரியம் அது ஒன்றுதான்.

அஸ்திவாரத்துக்குத் தோண்டும்போது நடுவில் மண் உள்வாங்கியது. பார்த்தால், எந்தக் காலத்திலோ குப்பையும் செங்கல்லும் கொட்டித் தூர்த்த கிணறு. மண் பரிசோதனை செய்தபோது பழைய கட்டடம் நின்றுகொண்டிருந்ததால் இரண்டு மூலையில் மட்டும்தான் துளை போட்டிருந்தார்கள். நடுவில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அஸ்திவாரத்தை மாற்றி வரைய வேண்டும், ஆழமாகத் தூண் இறக்க வேண்டும். வரைபடம் வர ஐந்து மாதம்.

வந்த பிறகு தூண் இறக்கும் மெஷின் அதிர்ந்ததில் பக்கத்து அச்சகத்துச் சுவரில் விரிசல் விட்டது. அச்சகத்துக்காரர் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டார். ஒன்பது மாதம். ஓவர்சியரே நேரில் போய்க் கெஞ்சிப் பார்த்தார். அச்சகத்துக்காரர் விரிசலைக் காட்டி, "நீங்க ஓவர்சியர்தானே? உங்க வீடா இருந்தா விடுவீங்களா?" என்று கேட்டார். விரிசலுக்குள் ஒரு நாணயத்தைச் செருகலாம். ஓவர்சியர் திரும்பி வந்துவிட்டார்.

தடை நீங்கியபோது பிளான் அனுமதிக்கான காலம் முடிந்திருந்தது. புதுப்பிக்கப் போனால், இடையில் விதி மாறிவிட்டது. தீ விபத்துக்கென்று இன்னொரு மாடிப்படி வேண்டும் என்றார்கள். படி வைத்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பக்கம் குறையும். யார் வீட்டில் குறைப்பது என்று சங்கத்தில் இரண்டு மாதம் சண்டை. அது தீர்ந்து ஃபைல் உள்ளே போனதும் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

இரண்டு வருஷம் முடிந்த அன்று மனையில் இருந்தது தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளம்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை சந்தில் நாற்காலி போட்டுச் சங்கக் கூட்டம். ஓவர்சியர் நோட்டைப் பிரித்து என்ன நடந்தது, ஏன் நின்றது என்று புரியும்படி விளக்குவார். ஆரம்பத்தில் காது கொடுத்துக் கேட்டார்கள். பிறகு சிரித்தார்கள். மூன்றாம் வருஷத்தில் அவருக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதே யாராவது, "காரணம் வருதுடா" என்பார்கள். அது அவர் காதிலும் விழுந்தது.

அதில் அவருக்கு இருந்த வலி வேறு. வேலையில் இருந்த காலத்தில் மாதாந்திர அறிக்கையில் 'தாமதத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். முப்பத்தொரு வருஷம் அந்தக் கட்டத்தை அவர்தான் நிரப்பினார். மழை, மணல் தட்டுப்பாடு, வரைபட மாற்றம். ஒரு வரிக்கு மேல் இடம் இருக்காது. எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரி தள்ளிப்போட்ட பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெளியே யார் எங்கே காத்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒருநாளும் அவர் யோசித்ததில்லை. இப்போது இரவில் மனைவியிடம் இதைச் சொல்ல வாயெடுப்பார். அவள் விசிறியால் தகரத்தின் சூட்டை விரட்டிக்கொண்டு திரும்பிப் படுத்திருப்பாள்.

தையல்காரம்மாவுக்கு வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். இரண்டு பஸ் மாறி இவ்வளவு தூரம் யார் வருவார்கள்? மூன்று மெஷினில் இரண்டை விற்றுவிட்டு, ஒரு சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கப் போனாள். காலையில் புருஷனைத் துடைத்துச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போனால் திரும்ப ஏழு மணி ஆகும். பகலில் ஓவர்சியரின் மனைவிதான் போய்த் தண்ணீர் கொடுப்பாள். அந்த அறையில் ஜன்னல் இல்லை. கதவைத் திறந்தால் எதிர்த் தகரச் சுவர். அவர் அதைப் பார்த்தபடி படுத்திருப்பார். சந்தில் யாராவது போனால் பழக்கத்தில் கையைத் தூக்குவார். போகிறவர்கள் அவசரத்தில் கவனிக்க மாட்டார்கள்.

மூன்றாம் வருஷக் கடைசியில் வேலை உண்மையாகவே சூடுபிடித்தது. கீழ்த்தளம் எழும்பியது. முதல் மாடிக்குத் தூண்கள் போட்டார்கள். ஓவர்சியர் தினமும் காலை பஸ்ஸில் போய்விடுவார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் சைட்டுக்கு ஒரு இன்ஜினியர் பொண்ணு வந்திருந்தாள். படித்து முடித்து முதல் வேலை. தலைக்குப் பெரிதான ஹெல்மெட்டை ஒரு கையால் பிடித்தபடியே நடப்பாள்.

ஒருநாள் அவர் போனபோது தூண்களை வார்க்கச் சுற்றிலும் அடித்திருந்த பலகையைப் பிரித்திருந்தார்கள். ஆறு தூணில் அடிப்பக்கம் கல் தனியாகவும் சிமெண்ட் தனியாகவும் பிரிந்து ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. ஓர் இடத்தில் கம்பியே வெளியே எட்டிப் பார்த்தது. இரண்டு ஆட்கள் சிமெண்ட் பாலைக் குழைத்து அதன் மேல் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்கப்பா" என்றார். "யார் இதை மூடச் சொன்னது?"

அந்தப் பொண்ணு ஓடி வந்தாள். "பெரிய முதலாளி பூசிடச் சொல்லிட்டார் சார். லேட் ஆயிடுச்சாம்."

"அவர் சொன்னது இருக்கட்டும். நீ என்ன சொல்றே?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். "நான் சொல்ல என்ன சார் இருக்கு?" என்றவள், குரலைத் தாழ்த்தி, "அன்னைக்குக் கலவையில வார்த்து எடுத்த கியூப் கட்டியை உடைச்சுப் பார்த்தோம். பாதி பலம்கூட வரலை. அன்னைக்கு ராத்திரிக்குள்ள முடிக்கணும்னு தண்ணியைக் கண்டபடி ஊத்திட்டாங்க" என்றாள்.

"எழுதிக் கொடுப்பியாம்மா?"

ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகு எழுதிக் கொடுத்தாள். அடுத்த மாதம் அவள் அங்கே இல்லை. எங்கே போனாள் என்று கேட்டதற்கு, "நின்னுட்டாங்க" என்று மட்டும் சொன்னார்கள்.

ஓவர்சியர் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கே போனார். ஆறு தூணையும் உடைத்துத் திரும்பப் போட உத்தரவு வந்தது. முட்டுக் கொடுத்து, உடைத்து, கம்பி கட்டி, மறுபடி வார்த்து, ஆற விட நாலு மாதம்.

கம்பெனி அண்ணன் முதல் தடவையாகத் தகர வீட்டுக்கே வந்தார். சந்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கிணறு எங்க தப்பு இல்ல. கோர்ட்டு எங்க தப்பு இல்ல. எல்லாத்தையும் தாண்டி வேலையைத் தூக்கி நிறுத்தினோம். இப்ப நிறுத்தினது நாங்க இல்ல. உங்க ஆளு" என்று ஓவர்சியரைக் கை காட்டினார். காட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். லாரிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"சார், ஒண்ணு கேக்குறேன். நீங்க எங்க பக்கமா, சிமெண்ட் பக்கமா?"

சிலர் சிரித்தார்கள். ஓவர்சியர் சிரிக்கவில்லை. "அந்தத் தூண் மேல இருக்கிற வீட்டுலதான் உன் பொண்ணு தூங்கப் போறா. ஏற்கெனவே ஒரு தடவை தலையணையில கல்லு விழுந்ததைப் பார்த்தவன் நீ" என்றார்.

"என் பொண்ணு இப்ப தகரத்துக்குக் கீழ தூங்குறா சார். போன மாசம் ஜுரத்துல நெத்தியில ஈரத்துணி போட்டா, போட்ட கையோட காயுது. அவளுக்கு அந்தக் கல்லே ஞாபகம் இல்ல. இந்தத் தகரம்தான் ஞாபகம் இருக்கப் போகுது."

அதற்கு மேல் கூட்டம் நடக்கவில்லை. அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஓவர்சியர் நோட்டை மடியில் வைத்தபடி சந்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். கிணற்றை மன்னித்தார்கள். அச்சகத்துக்காரரை மன்னித்தார்கள். மாற்றலாகிப் போன அதிகாரியை மறந்தே போனார்கள். அத்தனை தாமதத்திலும் ஒரு மனிதன் தெரிந்தே செய்தது இந்த நாலு மாதம்தான். அதனால் எல்லாம் அவர் தலையில் வந்து விடிந்தது.

அந்த வருஷக் கோடையில் தையல்காரம்மாவின் புருஷன் போய்விட்டார். மதியம் இரண்டு மணி. ஓவர்சியரின் மனைவி தண்ணீர் கொடுக்கப் போனபோது வாய் திறந்தபடி கதவைப் பார்த்துக் கிடந்தார். அவள் சட்டைக் கம்பெனிக்கு ஆள் அனுப்பினாள். தையல்காரம்மா வந்து சேர்ந்தபோது கைக்குள் இன்னும் ஒரு பொத்தான் இருந்தது.

பதினைந்து நாள் கழித்து ஓவர்சியர் அவளைப் பார்க்கப் போனார். அவள் கட்டிலைப் பிரித்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள்.

"உட்காருங்கண்ணா" என்றாள். அழவில்லை. கோபமும் இல்லை. பிறகு, "அந்தத் தூணை உடைக்காம விட்டிருந்தா, அவர் ஜன்னல்கிட்ட படுத்துப் போயிருப்பார் இல்ல?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

அவருக்குப் பதில் தெரியும். உடைக்காமல் விட்டிருந்தாலும் வீடு முடிய இன்னும் ஒன்றரை வருஷமாவது ஆகியிருக்கும். கணக்குப் போட்டு மாதம் மாதமாகச் சொல்லியிருப்பார். வாயைத் திறந்தார். அது இன்னொரு காரணமாகத்தான் வெளியே வரும் என்று பட்டது. மூடிக்கொண்டார்.

"தெரியலைம்மா" என்றார்.

அவள் தலையாட்டினாள்.

அதன் பிறகு வேலை இழுத்துக்கொண்டே போனது. உடைத்து வார்க்கும் நாலு மாதத்தில் ஆட்களெல்லாம் வேறு பெரிய சைட்டுக்குப் போய்விட்டார்கள். திரும்ப ஆள் சேர்க்க முடியவில்லை. பத்துப் பேர் வந்தால் அடுத்த வாரம் ஆறு பேர். மழை வந்து கீழே தேங்கியது. இப்படி நொண்டி நொண்டி மூன்றாம் மாடித் தளம் போட்டார்கள். அதற்கு மேல் கம்பிகள் மட்டும் ஆகாயத்தைப் பார்த்து நின்றன. ஐந்தாம் வருஷம் ஒரு திங்கட்கிழமை ஓவர்சியர் போனபோது கேட்டில் பூட்டுத் தொங்கியது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒத்துப்போகவில்லையாம். தம்பி மெஷின்களை எடுத்துக்கொண்டு பிரிந்துவிட்டார். அண்ணன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

ஓவர்சியரின் மகன் வேறு ஊரில் இருந்தான். ரொம்ப நாளாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏங்க, போயிடலாம்" என்றாள் மனைவி. "அவன் வீட்டுல நமக்குன்னு ஒரு ரூம் வெச்சிருக்கானாம். காத்து வருமாம்."

"நான் எப்படி வர்றது? எல்லாரையும் இங்க கூட்டிட்டு வந்தது நான்."

"கூட்டிட்டு வந்தவர் இங்கயே உட்கார்ந்திருந்தா கட்டடம் தானா எழும்பிடுமா?"

"அதில்ல..."

"உங்களைத் திட்டுறாங்க, முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறாங்க. என்னைக் கண்டாலும் அப்படித்தான். நான் தையல்காரம்மா புருஷனுக்கு ஒரு வருஷம் தண்ணி கொடுத்தேன். அவர் செத்துக் கிடந்ததை முதல்ல பார்த்ததும் நான்தான். எனக்கு இந்தச் சந்தைப் பார்த்தாலே நெஞ்சை அடைக்குது. உங்களுக்குப் பொறுப்பு இருக்கு. எனக்கு என்ன இருக்கு சொல்லுங்க?"

மகன் வந்து அவளைக் கூட்டிப் போனான். ஆட்டோவில் ஏறும்போது அவள் அழுதாள். இறங்கி வந்துவிடுவாளோ என்று அவர் ஒரு நிமிஷம் நினைத்தார். இறங்கவில்லை. வாரம் ஒருமுறை போனில் பேசுவாள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்பாள்.

இன்னும் ஐந்து குடும்பத்தாரும் அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் போக இடமில்லாதவர்கள். தையல்காரம்மா இருந்தாள். லாரிக்காரர் இருந்தார். அவர் மகள் இப்போது பதினோரு வயதில், புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் நிழலில் போய் உட்கார்ந்து படித்தாள்.

ஓவர்சியர் செயலாளர் பதவியை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்தார். அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. அதனால் அவரே படி ஏறி இறங்கினார். இரண்டு வருஷம் கம்பெனி கம்பெனியாக அலைந்தார். அடுத்தவர் பாதியில் விட்டதைத் தொட எல்லாரும் தயங்கினார்கள். கடைசியில் ஒரு கம்பெனி, "பார்த்துட்டுச் சொல்றோம்" என்றது. அந்த ஒரு வார்த்தைக்கே வரிசை வீடுகளில் பேச்சு மாறியது. லாரிக்காரர் ரொம்ப நாளைக்குப் பிறகு அவரிடம், "சார், சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். தையல்காரம்மா, அவர் சட்டையில் கிழிந்திருந்த பையை வாங்கித் தைத்துக் கொடுத்தாள்.

கம்பெனி அனுப்பிய பொறியாளர் அதிகம் பேசாத மனிதர். ஒரு வாரம் ஆட்களை வைத்துத் தூணிலும் தளத்திலும் துளை போட்டு, உருளை உருளையாகக் காங்கிரீட்டை வெட்டி எடுத்துக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து ஓவர்சியரைச் சைட்டுக்கு வரச் சொன்னார்.

பத்து மணி வெயில். இரண்டு பேரும் படியேறி மூன்றாம் தளத்துக்குப் போனார்கள். பொறியாளர் வெளியே நீட்டியிருந்த ஒரு கம்பியை விரல் நகத்தால் கீறினார். துரு செதிலாக உதிர்ந்தது. ஓவர்சியருக்கு அதைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

"ரெண்டு வருஷமா மழையிலயும் வெயிலிலயும் நின்னிருக்கு" என்றார் பொறியாளர். "கம்பி மட்டும்னா ஏதாவது செய்யலாம். ஆனா தளமும் சரியில்ல. ரெண்டாவதும் மூணாவதும் அவசரத்துல போட்டிருக்காங்க. பலம் ரொம்பக் கம்மி. இது மேல இன்னும் மாடி ஏத்தினா நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற யாராவது போட்டா, நீங்க அதுல குடியிருக்காதீங்க."

"அப்ப?"

"அஸ்திவாரம் நல்லா இருக்கு. கீழ்த்தளத்தை வெச்சுக்கலாம். அதுக்கு மேல எல்லாம் எடுத்துடணும்." அவர் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். "முதல் மாடியில ஒரு ஆறு தூண் மட்டும் அருமையா வந்திருக்கு. அது எப்படின்னுதான் தெரியலை. ஆனா சுத்தி இருக்கிற மத்ததெல்லாம் போகும்போது அதையும் எடுத்துத்தான் ஆகணும்."

ஓவர்சியர் படியில் உட்கார்ந்தார். பொறியாளர் பதறி, தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். நாலு வருஷமாக அவர் இரவில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆறுதல், அந்த ஆறு தூணாவது நின்றதே என்பதுதான். அதைச் சொல்லித்தான் தையல்காரம்மாவின் முகத்தைப் பார்க்க முடிந்தது, மனைவி போன பிறகும் அந்த அறையில் படுக்க முடிந்தது.

"அன்னைக்கு மீதித் தளத்தையும் நான் பார்த்திருக்கணும்" என்றார், யாரிடமோ சொல்வது போல. "ஆறு தூணுக்கே அவ்வளவு பேச்சு வாங்கினேன். ரெண்டாவது தளம் போட்டப்ப நான் இங்கதான் நின்னேன். தண்ணி அதிகம்னு தெரிஞ்சுது. வாயைத் திறக்கலை. திரும்பவும் நிறுத்தினவன்னு பேர் வேண்டாம்னு..."

பொறியாளர் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுத்து மூலமா அறிக்கை அனுப்பிடறேன் சார்" என்றார் கடைசியில்.

மதியப் பஸ்ஸில் கூட்டமில்லை. ஓவர்சியர் ஜன்னலோரம் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தார். எங்கிருந்து ஆரம்பித்தாலும் பாதியில் 'ஏனென்றால்' வந்தது. அந்த வார்த்தை இல்லாமல் சொல்ல முயன்றார். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய், திரும்பி நடந்து வந்தார்.

சந்து முனையில் குழாயடியில் எட்டு பத்துப் பேர் குடம் வைத்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் விட்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. தையல்காரம்மா குடத்தைக் கீழே வைத்தாள். லாரிக்காரர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"என்ன சார் சொன்னாங்க?"

"இடிக்கணும்னுட்டாங்க" என்றார் ஓவர்சியர். "கீழ்த்தளம் நிக்கும். மேல இருக்கிறதெல்லாம் போகுது. ரெண்டாவது தளம் போட்டப்பவே அது சரியில்லன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லலை."

கத்துவார்கள் என்று நினைத்தார். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. சட்டையைப் பிடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். லாரிக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி சார்" என்றார். திரும்பிப் போய் வரிசையில் தன் இடத்தில் நின்றார். பின்னால் யாரோ ஒரு பெண், அடுத்த வாரம் ஸ்கூல் திறப்பதைப் பற்றி விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாள்.

ஓவர்சியர் குழாய்க்கு வழியை மறித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். குழாயில் தண்ணீர் மெலிந்துகொண்டிருந்தது. தையல்காரம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணா" என்றாள். "தண்ணி நின்னுடப் போகுது, பிடிச்சுக்கிறேன்."

அவர் தள்ளி நின்றார்.